90 நாள் பாக்கியும் ஆறு பேர் வேலையும்

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டு ஆரம்பிக்கிறேன், தம்பி. தாராவியில் உங்கள் அக்கா முறுக்கு, தட்டை, மிக்ஸர் போடும் ஒரு காலா நடத்துகிறார் (வெளியூர்க்காரர்களுக்காக: சின்னத் தொழிற்கூடத்தை மும்பையில் காலா என்போம்). பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு வருடமாக ஒரு பெரிய கடைச் சங்கிலிக்குச் சரக்கு போகிறது. 30 நாளில் பணம் என்று பேச்சு, வருவதோ 90 நாளில், அதிலும் பிடித்தம் போக. இப்படியே போனால் ஆறு பேரை நிறுத்த வேண்டியதுதான் என்கிறார் அக்கா. இங்கிலாந்தில் சூப்பர்மார்க்கெட்டுகளைக் கேள்வி கேட்க ஒரு நடுவர் இருக்கிறாராமே, இங்கேயும் கடைக்காரர்களுக்கு அப்படி நியாயமான வணிக விதிகள் வந்தால் இந்த வேலைகள் தப்புமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓரளவு தப்பும். ஆனால் விதி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது, அதுவும் நல்ல கடுமையான விதி. அதைக் கையில் எடுக்க ஆளில்லை என்பதுதான் விஷயம். நான் வக்கீல் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக சயான், தாராவி, குர்லா பக்கம் சின்ன உணவுக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். சட்டப் புத்தகத்தைவிட டெபிட் நோட்டுகளை (பில்லில் இவ்வளவு பிடித்துக்கொண்டோம் என்று கடைக்காரர் அனுப்பும் சீட்டு) அதிகம் படித்தவன். அந்தக் கோணத்திலிருந்து சொல்கிறேன்.

அக்காவின் கணக்கை நான் பார்த்ததில்லை, அதனால் ஓர் உத்தேசக் கணக்கு. மாதம் 4 லட்ச ரூபாய்க்கு அந்தச் சங்கிலிக்குச் சரக்கு போகிறது என்று வையுங்கள். 30 நாளில் பணம் வந்தால் எப்போதும் வெளியில் நிற்கும் பாக்கி 4 லட்சம். 90 நாளில் வந்தால் 12 லட்சம். கூடுதலாக மாட்டிக்கொண்ட அந்த 8 லட்சத்தை எங்கிருந்து புரட்டுவது? பேங்க்காரர் காலாவின் வாடகை ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். கடைசியில் ரெண்டு வட்டிதான். மாதம் 16,000 ரூபாய். பேக்கிங்கில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாவின் சம்பளம் கிட்டத்தட்ட அதுதான். ஆக, ஒரு சங்கிலி இரண்டு மாதம் தாமதித்தால் ஒருவரின் வேலை வட்டிக்குப் போகிறது. அந்தச் சங்கிலிக்கோ அது வட்டியில்லாக் கடன். அக்காவின் முறுக்கை விற்று, காசை கல்லாவில் போட்டு, இரண்டு மாதம் வைத்திருந்து, பிறகு தருகிறார்கள்.

இதில் அக்காவுக்கு மட்டும் யாரும் பொறுப்பதில்லை. எண்ணெய் டின் போடுகிறவர் பதினைந்தாம் நாள் வாசலில் நிற்பார். சனிக்கிழமை கூலி சனிக்கிழமையே கொடுத்தாக வேண்டும். ஜிஎஸ்டிக்கும் பொறுமை கிடையாது: இந்த மாதம் போட்ட பில்லுக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரி கட்ட வேண்டும், கடைக்காரர் பணம் கொடுத்தாரா என்று அந்த போர்ட்டல் கேட்காது. பாக்கெட்டில் போட்ட முறுக்குக்கு 2025 செப்டம்பர் 21 வரை 12 சதவீதம், அதற்குப் பிறகு 5. சுமை குறைந்தது உண்மை. பணம் வருமுன் வரி என்ற வரிசை மட்டும் மாறவில்லை.

எண்ணெயையும் சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பர் நடுவில் கச்சா பாமாயில் இறக்குமதி வரியை, செஸ் எல்லாம் சேர்த்து, 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக மத்திய அரசு ஏற்றியது. தீபாவளிக்கு ஏழு வாரம்கூட இல்லை. எண்ணெயில் பொரித்தே பிழைக்கிற தாராவிக் காலாக்களுக்கு எப்படி இருந்திருக்கும்! நான் கணக்கு எழுதும் ஒருவர் ரேட்டை ஏற்றித் தரச் சொல்லி ஒரு சங்கிலிக்கு மெயில் போட்டார். புது ரேட் சிஸ்டத்தில் ஏற தீபாவளி முடிந்து ஒரு மாதம் ஆனது. அதுவரை பழைய ரேட்டுக்கே சரக்கு. நிறுத்தினால் அபராதம். அந்த வருடம் அவர் தீபாவளிக்குப் போனஸ் கொடுத்துவிட்டு, தை பிறப்பதற்குள் மூன்று பேரை ஊருக்கு அனுப்பினார். 2025 மே கடைசியில் வரி 16.5 சதவீதமாக இறங்கியது. போன மூன்று பேரில் ஒருவர்தான் திரும்பி வந்தார்.

தாமதம் ஒரு பக்கம் என்றால், பிடித்தம் இன்னொரு பக்கம். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். என் மேஜையில் ஒரு பழைய பேமெண்ட் தாள் இருக்கிறது, எந்தச் சங்கிலி என்று சொல்லப்போவதில்லை. பில் தொகை 1,86,400. அதன் கீழே வரிசையாகக் கழிவுகள். ஃபில் ரேட் அபராதம் 5,592. எக்ஸ்பைரி 11,340. டேமேஜ் என்று ஒரு சதவீதம், 1,864. விசிபிலிட்டி 15,000. கைக்கு வந்தது 1,52,604. நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய் தாளிலேயே ஆவியாகிவிட்டது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. ஃபில் ரேட் என்றால் கேட்ட சரக்கில் எவ்வளவு கொடுத்தாய் என்ற கணக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு ஆர்டர் வந்தது, சனிக்கிழமை காலை பிவண்டி கிடங்கில் இருக்க வேண்டும். மாஸ்டரும் பையன்களும் ராத்திரி முழுக்க அடுப்பிலேயே நின்று போட்டு முடித்தார்கள். டெம்போ காலை ஆறு மணிக்குக் கிடங்கு வாசலில். நான்கு மணி வரை உள்ளே விடவில்லை. அப்புறம், உங்கள் ஸ்லாட் முடிந்துவிட்டது, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். சிஸ்டத்தில் அது 'சப்ளை செய்யவில்லை' என்று ஏறிவிட்டது. விசிபிலிட்டி என்பது தீபாவளிக்காக ஷெல்ஃப் ஓரத்தில் தனி ஸ்டாண்டு வைத்த கூலி. ஸ்டாண்டைப் பார்க்க நானே ஒரு கடைக்குப் போனேன். ஸ்டாண்டு இருந்தது, அதில் அவர்களுடைய சொந்த பிராண்டு சேவு உட்கார்ந்திருந்தது. எக்ஸ்பைரி? சரக்கை வாங்கியவர் அவர், கடையில் எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர் அவர், விற்காமல் போனால் நஷ்டம் மட்டும் நமக்கு. டேமேஜ் ஒரு சதவீதம் என்பது உடைந்ததோ உடையவில்லையோ வெட்டுவது.

இந்தத் தொகை முன்கூட்டித் தெரிந்தால்கூட சமாளிக்கலாம். விலையில் சேர்த்து விடலாம். ஒரு மாதம் ஆறு சதவீதம், அடுத்த மாதம் பதினெட்டு. அப்படி இருந்தால் எத்தனை பேரை வேலைக்கு வைப்பது என்று எவரால் திட்டமிட முடியும்? கூலி கொடுக்கிறவருக்குக் குறைந்த விலையைவிடக் கொடியது நிச்சயமில்லாத விலை. அதனால்தான் காலாக்களில் யாரையும் நிரந்தரமாக வைக்கப் பயப்படுகிறார்கள். பேக்கிங் அம்மாக்களை 'நாளைக்கு வா, ஆர்டர் வந்தால் சொல்றேன்' என்று வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு பிவண்டியும் தெரியாது, டெபிட் நோட்டும் தெரியாது. அந்த ஸ்லாட் முடிந்த செய்தி அவர் வீட்டுக்கு 'திங்கட்கிழமை வேலை இல்லை' என்று போய்ச் சேருகிறது.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே 2008-இல் போட்டி ஆணையம் மளிகைச் சந்தையை விசாரித்து ஓர் அறிக்கை கொடுத்தது. பெரிய கடைகள் எதிர்பாராத செலவுகளையும் அபாயத்தையும் சப்ளையர் தலையில் தள்ளிவிடுகின்றன என்பது அதன் முக்கியமான முடிவு. அதிலிருந்து பிறந்த நடைமுறை விதி 2010 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வருடம் நூறு கோடி பவுண்டுக்கு மேல் மளிகை விற்கும் சங்கிலிகளுக்கு மட்டும் அது பொருந்தும். தாமதமில்லாமல் பணம் கொடுக்க வேண்டும், ஒப்பந்தத்தைப் பின்தேதியிட்டு மாற்றக்கூடாது, கடைக்குள் திருடு போனதற்கு சப்ளையரிடம் பணம் கேட்கக்கூடாது, சப்ளையர் லிஸ்டிலிருந்து ஒருவரை எடுப்பதானால் உண்மையான வணிகக் காரணமும் போதிய அவகாசமும் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் போகிறது.

விதி போட்டு மூன்று வருடம் புகாரே பெரிதாக வரவில்லை. புகார் கொடுத்தால் அடுத்த வருடம் ஆர்டர் இருக்காதே! அதற்காகத்தான் 2013-இல் தனிச் சட்டம் போட்டு நடுவரை நியமித்தார்கள். முதல் நடுவர் கிறிஸ்டின் டேக்கன். அவருக்குக் கொடுத்த அதிகாரத்தில் இரண்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. புகார் சொன்னவர் பெயரை அவர் வெளியே விடக்கூடாது, அது சட்டப்படியான கடமை. அப்புறம், அவர் அலுவலகச் செலவை அந்தக் கடைகளே கட்டணமாகக் கட்டுகின்றன.

2015-இல் அவர் டெஸ்கோ நிறுவனத்தை விசாரிக்கத் தொடங்கினார், 2016 ஜனவரியில் முடிவு வந்தது. தன் நிதிநிலையை அழகாகக் காட்டுவதற்காக சப்ளையர்களின் பணத்தைத் தெரிந்தே தாமதித்தது என்று எழுதினார். ஒரு சப்ளையருக்குப் பல மில்லியன் பவுண்டு தவறாகப் பிடிக்கப்பட்டு, அந்தப் பிடித்தம் தொடங்கியதிலிருந்து அதைத் திருப்பித் தர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அபராதம் போட முடியவில்லை, ஏனென்றால் விற்றுமுதலில் ஒரு சதவீதம் வரை அபராதம் போடும் அதிகாரம் அவருக்கு வந்தது 2015 ஏப்ரலில், தவறு நடந்தது அதற்கு முன். ஆனால் அவர் போட்ட நிபந்தனையைப் பாருங்கள்: கடைக்காரர் தன்னிஷ்டத்துக்குப் பிடித்தம் செய்யக்கூடாது. பிடிக்கப்போவதை முதலில் சொல்ல வேண்டும், மறுத்துப் பேச சப்ளையருக்கு 30 நாள் தர வேண்டும். என் மேஜையிலிருக்கும் அந்தத் தாளுக்கு இந்த ஒரு நிபந்தனை இருந்திருந்தால் 15,000 ரூபாய் விசிபிலிட்டி போயே இருக்காது.

பலன் இருந்ததா? நடுவர் அலுவலகம் வருடா வருடம் சப்ளையர்களிடம் சர்வே எடுக்கிறது. 2014-இல் பத்தில் எட்டுப் பேர் ஏதோ ஒரு விதிமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். 2020 வாக்கில் அது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஓட்டையும் உண்டு: விலை எவ்வளவு என்பதில் நடுவர் தலையிட முடியாது, கடைக்கு நேரடியாகச் சரக்குப் போடுகிறவருக்கு மட்டுமே பாதுகாப்பு. அந்த சப்ளையருக்குப் பால் ஊற்றும் விவசாயிக்கு அந்த விதியில் இடமில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இதையே ஒரு பொது ஆணையாக்கியது. கெட்டுப்போகும் உணவுக்கு 30 நாள், மற்றதற்கு 60 நாள் கெடு. கெட்டுப்போகும் பொருளின் ஆர்டரை, டெலிவரிக்கு 30 நாள்கூட இல்லாத நேரத்தில் ரத்து செய்யக்கூடாது. ஆஸ்திரேலியாவில் பத்து வருடம் 'விருப்பமிருந்தால் சேரலாம்' என்று இருந்த விதியை 2025 ஏப்ரலில் கட்டாயமாக்கினார்கள். விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பத்து வருட அனுபவம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

இப்போது நம்ம ஊர். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தை எடுத்துப் படித்தால் அக்கா ஆச்சரியப்படுவார். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். 60 நாள், 90 நாள் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்தே போட்டிருந்தாலும் 45-க்கு மேல் செல்லாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 6 என்று வைத்தால் 18 சதவீதம். சரக்கை வாங்கியவர் அந்த வட்டியை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. ஐரோப்பாவில் முறுக்கு போன்ற கெடாத சரக்குக்கு 60 நாள், நமக்கு 45. காகிதத்தில் நாம்தான் முன்னால்.

அதே சட்டத்தில் பலர் கவனிக்காத இன்னொரு வரி உண்டு. சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், போய்ச் சேர்ந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அப்படியானால் இரண்டு மாதம் கழித்து 'பெட்டி நசுங்கியிருந்தது' என்று வரும் டெபிட் நோட்டுக்கு என்ன மதிப்பு? டெலிவரி சலானில் கிடங்கின் சீலும் தேதியும் இருந்தால் உங்கள் கை ஓங்கும்.

பணம் வராவிட்டால் அரசின் ஆன்லைன் போர்ட்டலில் மனு போடலாம், அது மாநிலத்தின் வசதி மன்றத்துக்கு (சிறு தொழில்களின் தாமதப் பாக்கி வழக்குகளைப் பார்க்கும் மன்றம்) போகும். வாங்கியவரின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் அக்கா இருக்கிற மகாராஷ்டிராவிலேயே மனு போடலாம். தீர்ப்பை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போவதானால் முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மன்றம் 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். என் அனுபவத்தில் அந்த 90 நாள் ரப்பர் மாதிரி நீளும், ஒன்றரை வருடம் வரை நீண்டதைப் பார்த்திருக்கிறேன்.

2023 நிதிச் சட்டம் வருமான வரியில் 43பி பிரிவில் (எச்) என்று ஒன்றைச் சேர்த்தது. குறு, சிறு தொழிலுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காத கம்பெனி, உண்மையில் கொடுக்கும் வருடம் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. 2024 மார்ச்சில் என் போன் ஓயவே இல்லை. உத்யம் நம்பர் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு எண்) உண்டா, குறுவா சிறுவா என்று வாங்குகிற கம்பெனிகள் எல்லாம் கேட்டன. மாதக்கணக்கில் வராத பாக்கி மார்ச் கடைசி வாரத்தில் கணக்கில் விழுந்தது. புகாரே இல்லாமல், யார் பெயரையும் சொல்லாமல், வரி பயத்தால் மட்டும் வந்த பணம் அது. சிலர் வேறு வழியும் கண்டுபிடித்தார்கள்: பதிவை ரத்து செய்துவிட்டு வா, அப்போதுதான் ஆர்டர் என்றார்கள். ரத்து செய்தவர்களும் இருக்கிறார்கள்.

இந்தச் சட்டத்தில் பெரிய ஓட்டை நடுவில் நிற்கும் விநியோகஸ்தர். வியாபாரிகள் 2021-லிருந்து உத்யம் பதிவு வாங்கலாம், ஆனால் வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான். தாமத வட்டி உரிமை கிடையாது. அக்கா ஒரு விநியோகஸ்தர் மூலம் சரக்குப் போட்டால் அவரிடம் 45 நாளில் பணம் கேட்கலாம். அந்த மனிதருக்குச் சங்கிலி 90 நாளில் கொடுத்தால் அவர் எங்கே போவார்? சட்டம் மேலே இருக்கும் பெரியவரை விட்டுவிட்டு நடுவில் இருக்கும் சின்னவரைப் பிடிக்கிறது. போட்டிச் சட்டத்தில் வழி உண்டா என்றால், அதன் 4-ஆம் பிரிவு ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனத்தைத்தான் கேட்கும். நம் நாட்டு மளிகையில் பெரும்பங்கு இன்னும் தெருமுனைக் கடைகளிடம். எந்தச் சங்கிலியும் 'நான் ஆதிக்கம் செலுத்தவில்லையே' என்று கையை விரித்துவிடலாம். அக்காவின் விற்பனையில் பாதி ஒரே சங்கிலிக்குப் போனால், அவரைப் பொறுத்தவரை அதுதான் ஆதிக்கம். அந்தக் கோணத்தில் பார்க்கும் விதி இங்கே இல்லை.

இங்கிலாந்து வரை போகாமலேயே எனக்கு ஓர் உதாரணம் தோன்றுகிறது, அது இந்த ஊரிலேயே இருக்கிறது. பிவண்டியிலும் வாஷி மார்க்கெட்டிலும் மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளிகளைப் பாருங்கள். ஒரு நாள் ஒரு வியாபாரிக்கு, மறுநாள் இன்னொருவருக்கு. நிலையான முதலாளி யாரும் கிடையாது, கேள்வி கேட்டால் மறுநாள் கூப்பிடமாட்டார்கள். அண்ணாசாகேப் பாட்டீல் போன்றவர்களின் போராட்டத்துக்குப் பிறகு 1969-இல் மகாராஷ்டிரா ஒரு சட்டம் போட்டது. கூலியையும் அதற்கு மேல் ஒரு தீர்வையையும் வியாபாரி ஒரு வாரியத்தில் கட்ட வேண்டும், வாரியம் தொழிலாளிக்குக் கொடுக்கும், வருங்கால வைப்பு நிதி முதலியவற்றையும் பார்த்துக்கொள்ளும். அதில் பிரச்சினைகளும் முறைகேட்டுப் புகார்களும் இல்லாமல் இல்லை. இருந்தாலும் அந்த யோசனையைக் கவனியுங்கள்: பலவீனமானவர் பலமானவரிடம் நேருக்கு நேர் நின்று பணம் கேட்கத் தேவையில்லாமல் நடுவில் ஒரு கை. அக்காவின் பெட்டியைக் கிடங்கில் இறக்குகிற மாத்தாடிக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது, பெட்டிக்குள் இருக்கும் முறுக்கைப் பிழிந்தவருக்கு இல்லை.

எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். விதி கடுமையானால் சங்கிலிகள் நூறு சின்னவர்களை விட்டுவிட்டு நான்கு பெரியவர்களிடம் வாங்கும், அல்லது தன் பிராண்டிலேயே போடும் என்பார்கள். நடக்கக்கூடியதுதான், அந்த உத்யம் ரத்து விஷயத்தில் பார்த்துவிட்டோம். தெருமுனைக் கடைக்காரர் மட்டும் புத்தரா என்றும் கேட்கலாம். அவரும் பாக்கி வைப்பார், 'அடுத்த வாரம் பாயி' என்பார். ஆனால் ஒருவர் பாக்கி வைத்தால் இன்னும் அறுபது பேர் இருக்கிறார்கள், ஒருவரால் காலா மூடாது. இன்னொன்று, அக்காவுக்குப் பணம் நேரத்தில் வந்தால் அது தானாகத் தொழிலாளியின் கைக்குப் போய்விடாது. மெஷின் வாங்கி ஆளைக் குறைக்கிறவர்களும் உண்டு. எந்த வணிக விதியும் அதைத் தடுக்காது. நான் பார்த்தவரை, காலாக்களில் ஆளை நிறுத்துவது பெரும்பாலும் மெஷினால் இல்லை, மாதக் கடைசியில் கையில் காசில்லாததால்.

இனி அக்கா இந்த மாதம் செய்ய வேண்டியது. உத்யம் பதிவு இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் இன்றைக்கே போடுங்கள், காசு கிடையாது. சரக்கு அனுப்பும் தேதிக்கு முன் பதிவு இருப்பது அவசியம், பின்னால் வாங்கிய பதிவை வைத்துப் பழைய பாக்கிக்கு வழக்காடுவது பெரும் தலைவலி. 2025 ஏப்ரல் முதல் 10 கோடி வரை விற்றுமுதலும் இரண்டரைக் கோடி வரை முதலீடும் உள்ளவர் குறுந்தொழில், அக்கா அதில் சுலபமாக வருவார். உத்யம் நம்பரையும் '45 நாள்' என்பதையும் ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். சண்டை போடுவதாகத் தெரியாது, ஆனால் அவர்கள் ஆடிட்டர் மார்ச்சில் அதைப் பார்ப்பார்.

250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச்சுக்குள் ட்ரெட்ஸ் என்ற, பில்லை வைத்து முன்கூட்டிப் பணம் வாங்கும் ஆன்லைன் தளங்களில் சேர வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது. அந்தச் சங்கிலி சேர்ந்திருந்தால் அக்காவின் பில்லை அங்கே ஏற்றலாம். அவர்கள் 'சரி' என்று ஒப்புக்கொண்ட பில்லுக்கு வங்கி சில நாளில் பணம் கொடுத்துவிடும், வட்டியும் ரெண்டு வட்டியைவிட எவ்வளவோ குறைவு. அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான் இடறும் கல். கேட்டுப் பாருங்கள், சில வாங்கும் மேனேஜர்கள் மறுக்க யோசிப்பார்கள்.

மன்றத்துக்குப் போவதா? அந்தச் சங்கிலியோடு உறவை முடிக்கத் தயார் என்றால் மட்டும். ஆர்டரும் வேண்டும் வழக்கும் வேண்டும் என்றால் இன்றைய நிலையில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். தனியாகப் போவதைவிட, அதே சங்கிலிக்குச் சரக்குப் போடும் ஏழெட்டுக் காலாக்கள் சேர்ந்து ஒரே கடிதம் கொடுத்தால் யாரையென்று லிஸ்டிலிருந்து எடுப்பது? 2021 டிசம்பரில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு பெரிய பிராண்டுகளிடம், பெரிய மொத்தக் கடைகளுக்குக் கொடுக்கும் விலையை எங்களுக்கும் கொடு, இல்லையேல் ஒத்துழைக்க மாட்டோம் என்று சேர்ந்து நின்றது. தனி ஆளாகக் கேட்டிருந்தால் பதில்கூட வந்திருக்காது. தாராவி 90 அடி ரோட்டில் முறுக்குக்காரர்கள் பிள்ளையார் சதுர்த்திக்கு வசூல் செய்யும்போது ஒற்றுமையாகத்தானே இருக்கிறார்கள்!

ஆறு பேரை நிறுத்துவது பற்றி ஒரு வார்த்தை, கேட்காவிட்டாலும். முதலில் அந்தச் சங்கிலிக்குப் போகும் சரக்கை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அதைக் கடைகளுக்கும் இட்லி சைக்கிள்காரர்கள் வாங்கும் மொத்தக் கடைக்கும் திருப்ப முடியுமா பாருங்கள். மார்ஜின் குறையும், பணம் கையில் சுழலும். கைமுறுக்கு சுற்றத் தெரிந்த ஆள் அந்த ஆறில் இருந்தால் அவரைக் கடைசி வரை விடாதீர்கள். ஆவணியில் தேடினால் அப்படி ஓர் ஆள் கிடைக்கமாட்டார்.

அடுத்த முறை எழுதும்போது, போன ஆறு மாத டெலிவரி சலான்களையும் டெபிட் நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். சலானில் கிடங்கு சீல் இல்லாதவை எத்தனை, டெபிட் நோட்டு சரக்குப் போன எத்தனையாவது நாள் வந்தது, இந்த இரண்டை மட்டும் எண்ணிச் சொன்னால் எவ்வளவு திரும்பக் கேட்கலாம் என்று கணக்கு போட்டுத் தருகிறேன்.